காத்திருப்பின் கதவுகள்

பயணங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம், படித்திருக்கிறோம். பயணத்தின் பெரும்பகுதியாக அமைந்துவிடும் காத்திருப்பைப் பற்றி அவ்வளவாக யோசித்ததில்லை. ஒரு சமூகம் தன் மனிதர்களை எப்படித் தரம் பிரிக்கிறது என்று அறிய விரும்பினால், ஓடும் ரயிலையும் பறக்கும் விமானத்தையும் மட்டும் பார்த்தால் போதாது. அவை புறப்படுவதற்கு முன் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது விமான நிலைய லவுஞ்ச். மெத்தை நாற்காலி, சூடான உணவு, குளியலறை, இவற்றுக்கெல்லாம் மேலாக அமைதி என்று பிஸினஸ் வகுப்புப் பயணிக்காக ஒதுக்கப்பட்ட அறை. அந்த வசதிகளின் கதை சுவையானதுதான். ஆனால் அவ்வறையின் கதவைப் பற்றிய கதையே அதைவிட முக்கியமானது என்று நாங்கள் கருதுகிறோம். அந்தக் கதவு யாருக்குத் திறந்தது, எந்த அடிப்படையில் திறந்தது, அந்த அடிப்படை எப்போதெல்லாம் மாறியது என்பதே இங்கு நம் கேள்வி.

காத்திருப்பைத் தனித்தனி அறைகளாகப் பிரித்த வழக்கம் விமானத்தோடு தொடங்கவில்லை. ரயில்வே அதை முன்பே செய்திருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் பெரிய ரயில் நிலையங்களில் முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் சாய்வு நாற்காலிகள் போட்ட அறைகள் இருந்தன. மூன்றாம் வகுப்புக்குக் கிடைத்தது ஒரு பொதுக்கூடம் அல்லது வெறும் தரை. ரயிலின் பயணிகளில் மிகப் பெரும்பாலோர் அந்த மூன்றாம் வகுப்பினரே. ஆயினும் ரயில்வேயின் விதி, எழுத்தளவிலாவது, எளிமையானது: சீட்டு எதுவோ அறை அதுவே. நடைமுறையில் சீட்டும் போதாமல் போனதுண்டு. 1893 ஜூனில் முதல் வகுப்புச் சீட்டோடு பயணம் செய்த காந்தி, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நிறத்தின் பெயரால் இறக்கிவிடப்பட்டு, குளிரில் இரவைக் கழித்தது ஒரு ரயில் நிலையக் காத்திருப்பறையில்தான். அவருடைய அரசியல் வாழ்வின் தொடக்கப் புள்ளியாக அந்த இரவு பேசப்படுவது நாம் அறிந்ததே.

விமான நிலையத்தில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. 1930களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் சி. ஆர். ஸ்மித். தம் விமானங்களை அவர் 'ஃப்ளாக்ஷிப்' என்று அழைத்தார், அதாவது கடற்படைத் தளபதி பயணம் செய்யும் முதன்மைக் கப்பல். கப்பல்கள் இருந்தால் தளபதிகளும் வேண்டுமல்லவா? நிறுவனத்துக்கு வேண்டிய பயணிகளுக்கு 'அட்மிரல்' என்று கௌரவப் பட்டம் வழங்கினார். அரசியல்வாதிகள், திரைப் பிரபலங்கள் ஆகியோருடன், விசுவாசமாகத் திரும்பத் திரும்பப் பறந்த சில சாதாரணப் பயணிகளும் அப்பட்டியலில் இருந்தனர். அப்போது அது பட்டம் மட்டுமே. அறை ஏதும் கிடையாது.

அறை வந்தது ஒரு பத்திரிகையாளர் சந்திப்பின் விளைவாக. நியூயார்க்கின் புதிய விமான நிலையம் 1939-இல் திறக்கப்பட்டது. நகர மேயர் ஃபியொரெல்லோ லகார்டியா அதன் மேல்தளத்தில் தம் சந்திப்புகளுக்கென ஓர் அறையை ஒதுக்கி வைத்திருந்தார். நிலையத்தின் எல்லா இடங்களும் வாடகைக்கு உண்டு என்று அவர் அறிவித்தபோது, இந்த அறையுமா என்று ஒரு நிருபர் கேட்டார். இதுவும்தான் என்றார் மேயர். அங்கிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதிகாரி அக்கணமே அதை எடுத்துக்கொள்ள முன்வந்தார் என்பது சொல்லப்படும் வரலாறு. நிறுவனம் மது வழங்க உரிமம் பெற்று, அதே ஆண்டில் 'அட்மிரல்ஸ் கிளப்' என்ற பெயரில் அவ்வறையைத் தொடங்கியது. விமான நிறுவன லவுஞ்ச் என்ற ஒன்று பிறந்தது இப்படித்தான்.

இங்கே ரயில்வேயின் விதி கைவிடப்பட்டதை நாம் கவனிக்க வேண்டும். அட்மிரல்ஸ் கிளப்புக்குள் நுழையச் சீட்டு போதாது, பணமும் போதாது, அழைப்பு வேண்டும். யாரை அழைப்பது என்பது நிறுவனத்தின் விருப்பம்; ஏன் அழைக்கவில்லை என்று கேட்க யாருக்கும் வழியில்லை. பொதுமக்களின் பணத்தில் ஒரு நகரம் கட்டிய நிலையத்துக்குள், தனியார் தயவால் மட்டுமே திறக்கும் ஒரு கதவு வந்து அமர்ந்தது.

இரண்டாவது கிளப், வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்தில் திறக்கப்பட்டது. வர்ஜீனியா மாநிலச் சட்டப்படி அங்கே மது விற்க முடியாது. எனவே உறுப்பினர்கள் தங்கள் புட்டிகளைத் தாங்களே கொண்டுவந்து வைத்துக்கொள்ளக் குளிர்பதனப் பெட்டிகள் வைக்கப்பட்டன. லவுஞ்சின் வரலாற்றை எழுதுகிறவர்கள் புன்னகையோடு குறிப்பிடும் செய்தி இது. அதே நிலையத்தில், அதே வர்ஜீனியாவின் சட்டத்தைக் காட்டி, கறுப்பினப் பயணிகளுக்கு உணவகத்தில் இடம் மறுக்கப்பட்டது என்பதையும் அதனருகில் வைத்துப் படிக்க வேண்டும். 1948-இல் மத்திய அரசின் ஆணை வந்த பிறகே அது முடிவுக்கு வந்தது. தென் மாநிலங்களின் சில நிலையங்களில் இனவாரியான காத்திருப்பறைகள் 1960களின் தொடக்கம் வரை நீடித்தன. நீதித்துறை வழக்குத் தொடுத்தே அவற்றை அகற்ற வேண்டியிருந்தது. ஒரே சட்டம் ஒருவருக்குச் சிறு இடைஞ்சல், வேறொருவருக்கு அவமானம். முன்னவருக்குக் குளிர்பதனப் பெட்டி கிடைத்தது.

பெண்களின் நிலையும் இதே காலத்தில் சொல்லத்தக்கது. யுனைடெட் ஏர்லைன்ஸ் 1953 முதல் 1970 வரை நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே ஆண்களுக்கு மட்டுமான விமானங்களை இயக்கியது. வறுத்த இறைச்சி, மது, சுருட்டு என்று அது பறக்கும் கிளப்பாகவே இருந்தது. 'தொழில்முறைப் பயணி' என்ற சொல் அன்று யாரைக் குறித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அழைப்பின் காலத்தை முடித்து வைத்தது ஒரு வழக்கு. பாரபட்சம் காட்டப்படுகிறது என்று ஒரு பயணி நீதிமன்றம் சென்றார். அதன் பின் அட்மிரல்ஸ் கிளப்பும், அதைப் பின்பற்றிப் பெரும்பாலான அமெரிக்க லவுஞ்சுகளும் கட்டண உறுப்பினர் முறைக்கு மாறின. ஆண்டுச் சந்தா கட்டும் எவரும் உள்ளே வரலாம். தயவின் இடத்தைப் பணம் பிடித்தது. இதை முன்னேற்றம் என்று சொல்ல நாங்கள் தயங்கவில்லை. பணம் குருடானது என்பார்கள்; தோலின் நிறத்தைப் பார்க்கும் கண்ணைவிடக் குருட்டுத்தனம் மேலானதுதான்.

1978-இல் அமெரிக்காவில் விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசின் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதுவரை கட்டணத்தில் போட்டியிட முடியாத நிறுவனங்கள் உணவிலும் உபசாரத்திலும் போட்டியிட்டன. இப்போது மலிவுச் சீட்டுகள் பெருகின. கடைசி நேரத்தில் முழுக் கட்டணம் கொடுத்து வரும் அலுவலகப் பயணி, பல வாரம் முன்பே பாதி விலைக்கு வாங்கிய சுற்றுலாப் பயணியின் பக்கத்தில் ஒடுங்கி உட்கார வேண்டியிருந்தது. அவரைத் திருப்திப்படுத்தப் பிறந்ததே பிஸினஸ் வகுப்பு. பான் ஆம், பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆகியவை 1978-இல் அத்திசையில் அடியெடுத்து வைத்தன. 1979-இல் குவாண்டாஸ் அப்பெயரிலேயே ஒரு தனி வகுப்பை அமைத்தது. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறந்த தூரத்தைக் கணக்கிட்டுப் பரிசளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. லவுஞ்ச் இவ்விரண்டின் இணைப்பாயிற்று. உள்ளே தொலைபேசியும் ஃபாக்ஸும் பின்னர் இணையமும் வந்தன. ஓய்வறை, அலுவலகத்தின் நீட்சியாக மாறியது. சீட்டின் விலையைக் கொடுத்தவர் பெரும்பாலும் பயணியல்ல, அவரை அனுப்பிய நிறுவனம் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

அடுத்த மாற்றம் 1992-இல் வந்த பிரையாரிட்டி பாஸ். எந்த நிறுவனத்தின் விமானத்தில், எந்த வகுப்பில் சென்றாலும் பல லவுஞ்சுகளுக்குள் நுழைய ஒரே அட்டை. வங்கிகள் இதைத் தம் கடன் அட்டைகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கின. பயணி உள்ளே செல்லும் ஒவ்வொரு முறையும் வங்கி இடைநிறுவனத்துக்கும், இடைநிறுவனம் லவுஞ்சுக்கும் ஒரு தொகை செலுத்தும். பயணிக்கு அது இலவசம் போலத் தோன்றும். இந்தியாவில் பல அட்டைகளுக்கு இரண்டு ரூபாய் தேய்த்தால் போதும் என்ற நிலை வந்தது. எகானமிச் சீட்டில் செல்லும் நடுத்தர வர்க்கத்தார் இட்லியும் காப்பியும் எடுத்துக்கொண்டு மெத்தை நாற்காலியில் அமர்ந்தனர்.

கதவு அகலத் திறந்ததும் என்ன நடந்தது? அறை நிரம்பியது; வாசலில் வரிசை நின்றது. உடனே உள்ளே வேறு கதவுகள் முளைத்தன. லுஃப்தான்சா 2004-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் முதல் வகுப்புக்கென்றே ஒரு தனி முனையம் கட்டியது. அங்கிருந்து பயணியைக் காரில் விமானத்தடிக்கே அழைத்துச் செல்வார்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2013-இல் லாஸ் வேகஸில் தன் சொந்த லவுஞ்சைத் திறந்தது. நெரிசலைக் குறைக்க டெல்டா 2023-இல் அட்டைக்காரர்களின் வருகைக்கு வரம்பு அறிவித்தது. எதிர்ப்பு எழவே வரம்பைத் தளர்த்தியது. லவுஞ்ச் விற்பது நாற்காலியை அல்ல, வெளியே நிற்பவர்களிடமிருந்து உள்ள தூரத்தை என்பது இதனால் புலப்படுகிறது. எல்லோரும் உள்ளே வந்துவிட்டால் விற்பதற்கு ஏதும் மிஞ்சுவதில்லை.

ஆனால் எங்களை அதிகம் உறுத்துவது லவுஞ்சுக்குள் இருப்பவர்களின் சொகுசு அல்ல. களைத்த மனிதன் எங்கே சாய்ந்தாலும் நல்லதே. உறுத்துவது வெளியே உள்ள பொதுக்கூடம். அங்கே நாற்காலி போதுமா, கழிவறை சுத்தமா, தண்ணீர் கிடைக்கிறதா, நள்ளிரவு இணைப்பு விமானத்துக்காகப் பையைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்திருக்கும் தொழிலாளிக்கு ஒரு மூலையாவது உண்டா என்று கேட்கும் குரல் வலுவாக இருக்க வேண்டும். குரல் எடுபடக்கூடியவர்கள் எல்லோரும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சென்றுவிட்டால் யார் கேட்பது?

இந்தக் கேள்வியை நூறாண்டுகளுக்கு முன் ரயிலை வைத்துக் கேட்டவர் காந்தி. 1917-இல், இந்திய ரயில்களின் மூன்றாம் வகுப்பைப் பற்றி அவர் விரிவாக எழுதினார். வேண்டுமென்றே அவ்வகுப்பில் பயணம் செய்து, அழுக்கையும் நெரிசலையும் நேரில் கண்டு எழுதியது அது. அவர் சொன்ன பரிகாரங்களில் ஒன்று, வைசிராயும் தளபதியும் மகாராஜாக்களும் முன்னறிவிப்பின்றி அவ்வப்போது மூன்றாம் வகுப்பில் ஏற வேண்டும் என்பது. அப்படிச் செய்தால் நிலைமை விரைவில் மாறிவிடும் என்பது அவர் கணிப்பு. மேலே இருப்பவரை வெறுத்துச் சொன்னதல்ல அது. கண்ணில் படாத குறை களையப்படுவதில்லை என்ற நடைமுறை அறிவு.

மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல் இந்திய ரயில்வேயிலிருந்து நீங்கியது. வைசிராய்கள் அதற்கு வெகுமுன்பே போய்விட்டனர். காந்தியின் யோசனை மட்டும் இன்னும் செலவாகாமல் இருக்கிறது. விமான நிலையங்களை நடத்துபவர்கள் தங்கள் அடுத்த பயணத்தில் லவுஞ்சைத் தவிர்த்துப் பொதுக்கூடத்தில் நான்கு மணி நேரம் காத்திருந்து பார்க்கலாம். அதற்கு அட்டை எதுவும் தேவையில்லை.