விழுப்புரம் மாவட்டத்தில் சுடாத மண்கல் கட்டடங்கள்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிச் சாலை பிரியும் ஊர் திண்டிவனம். இதன் சுற்றுவட்டாரக் குவாரிகளில் உடைக்கப்படும் ஜல்லி நகரக் கட்டடங்களுக்குப் பயன்படுகிறது. நகரம் உயர உயர, கிராமத்தில் பள்ளம் ஆழமாகிறது. இதற்கு மாற்றுத் தேடிய முயற்சியும் இதே மாவட்டத்தில்தான் தோன்றியது.

1968 பிப்ரவரி 28 அன்று வானூர்ப் பகுதியில் ஆரோவில் தொடங்கப்பட்டது. வீட்டுவசதிக்கு நிதியுதவி செய்ய 1970இல் நிறுவப்பட்ட நடுவண் அரசு நிறுவனமான ஹட்கோ, 1989இல் அங்கு கட்டட மையம் ஒன்றை அமைத்தது. அதுவே பின்னர் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் ஆயிற்று.

அங்கு சலித்த செம்மண்ணுடன் ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்டு கலந்து, கையால் இயக்கும் எந்திரத்தில் அழுத்திக் கல்லாக்குவர். பின் நான்கு வாரம் ஈரம் காயாமல் பதப்படுத்துவர். சூளையும் விறகும் தேவையில்லை. மண் எடுத்த பள்ளத்தை மழைநீர் தேக்கவோ கீழ்த்தளம் அமைக்கவோ பயன்படுத்தலாம். இக்கல்லால் கட்டப்பட்ட ஆரோவில் பார்வையாளர் மையம், எகிப்தின் மண் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரிலான விருதை 1992இல் பெற்றது.

எனினும் மண் ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வோர் இடத்திலும் சோதித்தே கலவையை முடிவுசெய்ய வேண்டும். ஒரே அளவில், விரைவாகக் கட்ட விரும்பும் பெருநிறுவனங்களுக்கு இது தடையாகிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அது இலாபத்தைப் பற்றிய விதி. சுவரை எதனால் எழுப்புவது என்பதைப் பற்றியது அன்று. நகரின் நிலைத்தன்மையோ அந்தச் சுவரிலிருந்தே தொடங்குகிறது.