பெத்லெம் மனையில் ஓர் இரும்புத்தூண்

இலண்டன் மாநகரிலே 1247-ஆம் ஆண்டில் துறவியர் மடமாகத் தோன்றிய பெத்லெம், காலப்போக்கில் மனநோயாளரைப் பேணும் மருத்துவமனையாயிற்று. அதன் பெயர் மருவிப் 'பெட்லம்' என்றாகி, கூச்சலையும் குழப்பத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக இன்றும் வழங்குகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் இம்மனைக்கு மக்கள் வேடிக்கை பார்க்கச் சென்றனர். வருவோர் உண்டியலில் காசிட்டுச் செல்வர். 1770-இல்தான் அனுமதிச் சீட்டு முறையால் இவ்வழக்கம் அடக்கப்பட்டது. இத்தனை பேர் பார்த்தும், உள்ளே நடந்தது கொடுமையென உணர்ந்தவர் மிகச் சிலரே. பார்த்தல் வேறு, கண்டறிதல் வேறு போலும்!

1814-இல் எட்வர்டு வேக்பீல்டு என்னும் அறப்பணியாளர் அங்குச் சென்றார். ஓர் அறையில் ஜேம்ஸ் நாரிஸ் என்பவரைக் கண்டார். கழுத்தில் இரும்பு வளையம். அவ்வளையம் ஏறத்தாழ ஆறடி உயர இரும்புத்தூணோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தது. இடுப்பைச் சுற்றி இரும்புப் பட்டை. கைகளும் அதனோடு சேர்த்து இறுக்கப்பட்டிருந்தன. எழுந்து நிற்கலாம், மல்லாந்து படுக்கலாம், அவ்வளவே. ஏறத்தாழப் பத்தாண்டுகளாக இந்நிலை! அவரோ நூல்களும் செய்தித்தாள்களும் படித்து, வந்தவர்களோடு அரசியல் பற்றித் தெளிவாகப் பேசினார்.

இது எவரோ ஒரு காவலன் மறைவில் செய்த கொடுமையன்று. 1804-இல் மருத்துவமனை நிர்வாகத்தார் ஒப்புதல் தந்தே பூட்டிய பூட்டு. நாரிஸ் முரடர், சாதாரண விலங்குகள் அவர் கையில் நில்லா என்பது அவர்கள் கூறிய காரணம். ஆபத்தைத் தடுக்கச் செய்த ஏற்பாடு நாளடைவில் அன்றாட வழக்கமாகி, இன்னும் தேவையா என்று கேட்பாரின்றிப் போயிற்று. ஜார்ஜ் அர்னால்டு என்னும் ஓவியர் வரைந்த படம் பரவிய பிறகே நாடு திடுக்கிட்டது.

வடக்கே யார்க் நகர மனநோய் இல்லத்தில் நிகழ்ந்தது வேறு வகை. அங்கே கொடுமைக்குத் திரையிட்டிருந்தனர். 1790-இல் ஹன்னா மில்ஸ் என்னும் கைம்பெண்ணைப் பார்க்க வந்த குவேக்கர் சமயத்தாரை உள்ளே விடவில்லை. சில வாரங்களில் அவர் இறந்தார். அவ்விறப்பே வில்லியம் டியூக் 1796-இல் 'ரிட்ரீட்' என்னும் அன்பு இல்லத்தைத் திறக்கக் காரணமாயிற்று. பழைய இல்லமோ மாறவில்லை. 1814-இல் காட்பிரே ஹிக்கின்ஸ் என்னும் நீதிபதி சோதனையிட்டபோது ஒரு கதவின் சாவி 'காணவில்லை' என்றனர். உடைப்பேன் என்றார், சாவி கிடைத்தது! உள்ளே அழுக்கும் வைக்கோலும் நிறைந்த சிற்றறைகள். மாடியில், 12 அடி நீளமும் 8 அடிக்குக் குறைந்த அகலமும் உள்ள ஓர் அறையில் 13 பெண்கள் அடைபட்டிருந்தனர். கணக்கேடும் பொய் சொல்லியது: 365 பேர் இறந்திருக்க, 221 என்றே வெளியிட்டிருந்தனர்.

1815-இல் பாராளுமன்றக் குழு விசாரித்தது. பெத்லெம் மருத்துவர் தாமஸ் மன்றோ, சங்கிலி ஏழை நோயாளருக்கே உரியது, கனவான்கள் அதை விரும்பமாட்டார்கள் என்னும் கருத்தில் சாட்சி சொன்னார். கேட்க ஆளில்லாதவனுக்கே விலங்கு என்பதை அவர் வாயே ஒப்புக்கொண்டது. முன்னறிவிப்பின்றி நுழைந்து பார்க்கும் உரிமையுடைய ஆணையாளர் நாடு முழுமைக்கும் அமைய 1845 வரை காத்திருக்க நேர்ந்தது.

மன்றோவும் மருந்தாளர் ஜான் ஹாஸ்லமும் 1816-இல் பதவி இழந்தனர். நாரிஸின் விலங்கு 1814-இலேயே கழற்றப்பட்டது. ஓராண்டுக்குள் அவர் மாண்டார்.