வாசனைத் தேயிலையும் தோட்டத்து நாவும்

தேயிலையோடு வேறொரு பொருளைச் சேர்த்து மணமூட்டுவது முறையா, முறைகேடா என்னும் வழக்கு ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. எட்டாம் நூற்றாண்டில், சீனத்தில் தாங் வம்சத்தார் அரசாண்ட நாளில், லூ யூ என்னும் அறிஞர் தேயிலைக்கென்று முதல் சாஸ்திரம் வகுத்தபோது, வெங்காயத்தாளும் இஞ்சியும் இலந்தையும் ஆரஞ்சுத் தோலும் புதினாவும் இட்டுத் தேயிலையைக் காய்ச்சிக் குடிக்கும் ஜனங்களின் வழக்கத்தைக் கடிந்து, அப்பானத்தைச் சாக்கடையில் ஊற்றிய நீருக்கு ஒப்பிட்டார். எவ்வளவு சொல்லியும் அவர்கள் அதை விடுகிறார்களில்லை என்று வருந்தவும் செய்தார். பதினோராம் நூற்றாண்டில் சுங் ஆட்சியின் அதிகாரியாயிருந்த சாய் சியாங், சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகச் செல்லும் தேயிலையில் சிறிது பச்சைக் கற்பூரம் கலக்கப்படுவதையும், தேயிலை விளையும் ஊரார் தங்களுக்குள் பரீட்சை செய்யும்போது இயற்கை மணம் கெடுமென்று அஞ்சி எந்த வாசனையும் சேர்ப்பதில்லை என்பதையும் தம் நூலில் குறித்து வைத்தார். அந்தக் கற்பூரம் நம்முடைய இந்த மலாய்த் தீவுகளின் காட்டு மரங்களிலிருந்து போனது. அதற்குப் பெயர்பெற்ற சுமத்திராவின் பாரூஸ் துறையிலேதான், 1088-ஆம் ஆண்டில், ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் கல்வெட்டு நாட்டினார்கள். சீனத்து அரசவைத் தேயிலையில் மணந்த கற்பூரத்துள் ஒரு பகுதியேனும் தமிழர் கைபட்டுச் சென்றிருக்கக்கூடும் என்று எண்ணுவது எனக்கு மிகவும் பிரியமான கற்பனை.

இந்த வழக்கில் நான் லூ யூவின் பக்கம் நில்லாமல் ஜனங்களின் பக்கம் நிற்பவன். மலேசியாவின் சிரம்பான் நகரைச் சேர்ந்த லோபாக்கில், ஜாலான் லோபாக் தமிழ்ப்பள்ளி உள்ள இவ்வட்டாரத்தில், நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து நகருக்கு வந்து நிலைத்த குடும்பங்களுக்கிடையே வாழ்ந்துகொண்டு, மல்லிகைத் தேயிலை முதல் லைச்சிப்பழ வாசனைத் தேயிலை வரையில் பலவகைத் தகர டப்பாக்களை ஓர் அலமாரியில் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றையும் முறைப்படி சுவைத்துக் குறிப்பெழுதி வருகிற எனக்கு, அந்த டப்பாக்களின் சரித்திரத்தைத் தேடப் புகுந்தபோது, என் அலமாரியில் இல்லாத ஒரு வாசனைத் தேயிலையின் சரித்திரமே எல்லாவற்றினும் முக்கியமாகத் தோன்றிற்று. அது தோட்டத்துத் தமிழர் காய்ச்சிக் குடித்த இஞ்சித் தேத்தண்ணி.

நெகிரி செம்பிலான் தேயிலை விளைந்த சீமையன்று. ஆயினும் தேயிலையின் விதியும் இம்மாநிலத்தின் விதியும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1869-இல், காப்பிச் செடிகளின் இலையில் துருநோய் கண்டது. அந்நோய் பரவிக் காப்பித் தொழில் அழிந்த பின்னர், இலங்கைத் துரைமார்களுள் மிகுதியானோர் தேயிலைக்கு மாறினர். வேறு சிலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். அவ்வாறு வந்தவர்களுள் ஹெஸ்லாப் ஹில் என்பவரும் ராத்போன் என்பவரும் சேர்ந்து, அந்நாளில் சுங்கை ஊஜோங் என வழங்கிய இந்தச் சிரம்பான் பிரதேசத்தில், 1880களில் லின்சம் முதலிய தோட்டங்களைத் திறந்து லைபீரியக் காப்பியைப் பயிரிட்டார்கள். 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிற்று. காப்பியின் விலை சரிந்ததும் ரப்பர் அவ்விடத்தைப் பிடித்தது. கங்காணிமார் அழைத்து வந்த தமிழர் காடு வெட்டி, கன்று நட்டு, பால்மரம் சீவத் தலைப்பட்டனர். இலங்கை மலைகளில் கொழுந்து கிள்ளியவர்களும் இங்கே பால் வெட்டியவர்களும் பெரும்பாலும் அதே தமிழ் ஜில்லாக்களிலிருந்து புறப்பட்டவர்களாதலால், அங்கே ஒரு பெண் கிள்ளிய கொழுந்து, தூளாகிக் கப்பலேறி, இங்கே அவளுடைய ஊர்க்காரியின் அடுப்பில் கொதித்திருத்தல் சாலப் பொருந்தும்.

இடையில் அத்தூளின் தரத்தைத் தீர்மானித்தவர்கள் வேறு மனிதர்கள். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி 1679-இல் தொடங்கிய தேயிலை ஏலம் 1998 ஜூன் வரையில் ஏதோ ஒரு வடிவில் நடந்து வந்தது. கல்கத்தாவில் 1861-லும் கொழும்பில் 1883-லும் ஏலங்கள் ஆரம்பமாயின. ஏலத்துக்கு முன்னே நடப்பது சுவைப்புப் பரீட்சை. நீண்ட மேசைமேல் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். மூடியுள்ள சிறு குவளைகளில் தேயிலையை நிறுத்து இட்டு, கொதிநீர் ஊற்றி, ஐந்தாறு நிமிஷம் கழித்துச் சாற்றைக் கிண்ணத்தில் வடித்து, வெந்த இலையைக் கவிழ்த்த மூடிமேல் பரப்பி வைப்பார்கள். நிபுணர் கரண்டியால் ஒரு மடக்கை அள்ளி, காற்றோடு சேர்த்து ஓசையெழ உறிஞ்சி, நாவின் எல்லாப் பக்கங்களிலும் படரவிட்டு, உடனே துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். சர்வதேசத் தர ஸ்தாபனம் 1980-இல் இதையே ஒரு விதியாக எழுதி, 100 மில்லி நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிஷம் என வரையறுத்தது. பால் சேர்த்துப் பரீட்சிக்கவும் அவ்விதி இடங்கொடுக்கிறது, இஞ்சிக்கு இடங்கொடுக்கவில்லை. நாவின் துணைகொண்டு நிகழும் இக்கலையை நான் மிக உயர்வாகவே மதிக்கிறேன். ஆனால் கொழுந்து கிள்ளியவளை அழைத்து ஒரு கிண்ணத்தைக் கொடுத்து அவள் அபிப்பிராயத்தைக் கேட்ட சம்பிரதாயம் அத்துறையில் இல்லாமற்போனது ஒரு பெருங்குறை. நல்ல இலைகள் சீமைக்குப் போக, சல்லடையின் அடியில் தங்கிய மலிவுத் தூளே தொழிலாளியின் கைக்கு எட்டிற்று.

அந்தத் தூள் வந்து சேர்ந்த வீட்டில் சுக்கும் ஏலமும் முன்னமே குடியிருந்தன. கோயில் திருநாளில் வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் கரைத்த பானகம், மழைநாளில் கருப்பட்டியும் மல்லியும் தட்டிப்போட்ட சுக்குநீர், பிள்ளை பெற்றவளுக்குத் திரிகடுகக் கஷாயம் என்று, காரமும் மணமுமுள்ள பானங்களைக் குறிப்பறிந்து கலக்கும் பழக்கம், தேயிலை என்ற பெயரையே கேட்டிராத காலத்திலிருந்து தமிழ்ப் பெண்களுக்கு உண்டு. ஆகவே அவர்கள் தேயிலைக்கு வாசனையூட்டக் கற்றார்கள் என்று சொல்வதைவிட, தங்கள் பழைய பானங்களுக்குள் தேயிலையைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று சொல்வதே சரித்திரத்துக்குப் பொருந்தும். இந்தியாவில் 1903-இல் தேயிலைமீது தீர்வை விதித்து, அப்பணத்தைக்கொண்டு ஜனங்களைத் தேயிலை குடிக்கச் செய்யும் பிரசாரம் தொடங்கிற்று. 1937-இல் அது ஒரு தனி வாரியத்தின் பொறுப்பாகி, ஊர் ஊராகச் சென்று காய்ச்சிக் காட்டும் பெருமுயற்சியாயிற்று. பிரசாரகர்கள் கற்பித்த முறையில் மசாலைக்கு ஸ்தானம் இல்லை. கடைக்காரர்கள் பாலையும் சர்க்கரையையும் மசாலையையும் மிகுதியாக்கித் தூளைக் குறைத்துவிடுகிறார்களே என்று தேயிலை வர்த்தகர்கள் குறைப்பட்டுக்கொண்டதும் உண்டு. லூ யூவின் வருத்தத்துக்கும் இவர்கள் வருத்தத்துக்கும் காரணம் வேறு, பலன் ஒன்றே. ஜனங்கள் விடவில்லை.

மலாயாத் தோட்டத்தில் இந்த இஞ்சித் தேத்தண்ணி ஒரு நாளின் எந்த நாழிகைக்கு உரியது என்பதை அறிந்தாலன்றி அதன் சுவை விளங்காது. மரத்தில் பால் நன்றாக இறங்குவது குளிர்ந்த வைகறையில். எனவே இருள் விலகுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, உளியும் வாளியுமாக நிரைக்குச் சென்று, மரம் மரமாகச் சீவி முடித்தபின், மங்குகளில் பால் சேரும் வரையில் சற்று நேரம் கிடைக்கும். பசியாறும் வேளை அது. வீட்டிலிருந்து போத்தலில் அடைத்துக் கொண்டுவந்த தேத்தண்ணி, நிரையோரத்தில், கொசுக்கடியினிடையே, எனாமல் குவளையில் ஊற்றப்படும். பனியில் நனைந்த உடம்புக்கு அங்கே வெறும் தேயிலைச்சாறு போதாது. நெஞ்சில் இறங்கி உறைக்கின்ற இஞ்சி வேண்டும். போத்தலில் ஆறிப்போன பின்பும் இஞ்சியின் காரம் போவதில்லை என்பதும் ஒரு விசேஷம்.

தேத்தண்ணியில் சேரும் பால் என்றால் டின்பால். பசும்பால் எளிதிற் கெடும் இந்த வெப்ப தேசத்தில், சர்க்கரையிட்டுச் சுண்டக் காய்ச்சிய டப்பாப்பால் தோட்டக் கடைகளிலெல்லாம் பரவிற்று. பிற்காலத்தில் நெஸ்லேயின் பெயரால் வழங்கும் ஆங்கிலோ-சுவிஸ் பால் நிறுவனம் பினாங்கில் 1912-இல் வியாபாரம் தொடங்கியது. காலியான டப்பாவில் துளையிட்டுக் கயிறு கட்டி அதிலே சூடான தேயோ கோப்பியோ வாங்கிச் செல்வதும் இந்நாட்டில் வழக்கமாயிருந்தது. ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான கொடுங்காலத்தில் இறக்குமதி நின்றது. அதைவிடக் கொடிதாக, தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோயினர். பல குடியிருப்பு லயங்களில் குடிப்பதற்கே ஆளில்லாமற்போயிற்று. யுத்தத்துக்குப் பிறகு, தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் தோட்டத்து வாயில்களில் டின்பால் சேர்த்த தேயை உயரத் தூக்கி ஆற்றிக் கொடுத்ததிலிருந்து இன்றைய தே தாரேக் பிறந்தது என்பது பரவலாக வழங்கும் செய்தி. அதிலே இஞ்சிச்சாறு சேர்ந்தால் தே ஹாலியா. இன்று தேசிய பானமென்று மெச்சப்படும் ஒன்றின் வேர், மலிவுத் தூளின் கசப்பை வெல்ல வேண்டியிருந்த ஏழைகளின் அடுப்பிலே இருக்கிறது.

இனி என் அலமாரிக்கு வருகிறேன். வாசனைத் தேயிலைகள் மூன்று ஜாதி; முதல் இரண்டும் அதில் உள்ளவை. முதலாவது, மலரின் மணத்தை இலை தானே வாங்கிக்கொண்டது. சீனத்தின் பூச்சௌ நகரத்து மல்லிகைத் தேயிலைக்கு, பகலில் பறித்த மொட்டுகள் இரவில் மலரும் சமயத்தில் தேயிலையோடு கலந்து வைத்து, விடிந்தபின் வாடிய பூவைப் பிரித்தெடுத்து, மறுபடி புதுப் பூவிட்டு, இவ்வாறு பன்முறை செய்கிறார்கள். இதைச் சுவைக்கையில் மணம் முதலில் மூக்கில் படாமல், விழுங்கிய பின்னர்த் தொண்டையிலிருந்து மேலெழுகிறது. இரண்டாவது, எண்ணெய் தெளித்து மணமூட்டியது. பெர்கமாட் என்னும் எலுமிச்சை இனத்தின் எண்ணெயைத் தாழ்ந்த தேயிலையில் தெளித்து உயர்ந்ததாக விற்கும் தந்திரம் 1820களிலேயே இங்கிலாந்தில் அறியப்பட்டிருந்தது. பின்னாளில் அதுவே, முன்னாள் பிரதம மந்திரி ஒருவரின் பெயரைத் தாங்கி, 'ஏர்ல் கிரே' என்ற பிரசித்தி பெற்றது. கேமரன் மலையில் ரஸ்ஸல் என்பவர் 1929-இல் நிறுவிய போ தோட்டத்தார் இக்காலத்தில் வெளியிடும் லைச்சி-ரோஜாத் தேயிலையும் வாசனையூட்டப்பட்ட வகையே. அம்மலைத் தோட்டத்தையும் தமிழர் உழைப்பே உருவாக்கிற்று என்பதனால் அந்த டப்பாவிடம் எனக்குத் தனி அபிமானம் உண்டு; சூடாக இருக்கும்போது ரோஜா முந்தி வந்து இலையை மறைத்தாலும், சற்று ஆறியதும் அடியிலிருந்து நல்ல துவர்ப்பு தலைகாட்டுகிறது. வாசனைத் தேயிலைக்கு நான் வைத்திருக்கும் உரைகல் இதுதான்: ஆறவிட்டுக் குடிக்க வேண்டும். ஆறியபின் சவர்க்கார நெடியடித்தால் அது எண்ணெயின் குற்றம். வெறும் நீராகச் சப்பென்றிருந்தால் அடியில் தேயிலையே இல்லை.

மூன்றாவது ஜாதி, கொதியில் பிறப்பது; தோட்டத்துத் தேத்தண்ணி இதைச் சேர்ந்தது. இதை ஏல மண்டபத்து விதிப்படி ஆறு நிமிஷம் ஊறவைத்துப் பரீட்சித்தால் ஒன்றும் தெரியாது. தூள் கொதிக்க வேண்டும். இஞ்சி அதற்கு முன்பே கொதித்திருக்க வேண்டும். லிங்கிப் பக்கத்துத் தோட்டமொன்றில் வெகுகாலம் பால் வெட்டிய ஒரு பாட்டி, என் எதிரிலேயே இஞ்சியைத் தோலோடு தட்டி நீரிலிட்டு, அது தளதளவென்று கொதித்து நிறம் மாறும் வரையில் தூள் டப்பாவைத் தொடாமல் இருந்தார். "இஞ்சி வேகாம பால ஊத்தினா திரிஞ்சு போயிரும் தம்பி" என்றார். பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தைச் சிதைத்துத் திரியச் செய்யும் ஒரு நொதி உண்டு; கொதியில் அது செயலிழக்கும். உலரவைத்த சுக்கில் இஞ்சியின் காரப்பொருள் வேறொரு ரூபமெடுத்து மேலும் உறைப்பதாகிறது. மழைக்காலத்துக்கு இஞ்சியை விட்டுச் சுக்கை எடுப்பதன் நியாயம் அது. பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்போடு பிணைந்து அதைத் தணிப்பதனால், மலிவுத் தூளுக்குப் பாலைச் சற்றுத் தாராளமாகவும், நல்ல தூளுக்குக் குறைவாகவும் ஊற்றுகிறார்கள். ரசாயன சாஸ்திரம் பின்னால் விளக்கிய இவற்றையெல்லாம் கைப்பழக்கத்தால் கண்டு நிலைநிறுத்திய அப்பெண்களை, கொழும்பு மண்டபத்து நிபுணர்களோடு ஒத்த ஆசனத்தில் வைப்பதற்கு எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பாட்டி கொடுத்த குவளையில் முதலில் வந்தது ஏலத்தின் மணம். நடுவில் தூளின் துவர்ப்பு. விழுங்கியபின் நெடுநேரம் நின்றது இஞ்சி. மூன்றும் ஒன்றையொன்று அடிக்காமல் முறைவைத்து வந்தன. விலையுயர்ந்த என் டப்பாக்களுள் சிலவே இந்த ஒழுங்கை எட்டுகின்றன.

1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்படலாயின. அதைத் தடுக்கவே துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. பெரட்டுக்களத்தில் நின்ற தலைமுறையார் இன்று லோபாக்கிலும் ராசாவிலும் ராஹாங்கிலும் பேரப்பிள்ளைகளின் வீடுகளில் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் வேறு: ஒருவர் கிராம்பு சேர்ப்பார், ஒருவர் மிளகு தட்டுவார், ஒருவர் டின்பாலை வெறுத்துக் கருப்பட்டியே போடுவார். எந்தத் தோட்டத்தில் எது வழங்கிற்று, எது முதலில் பானையில் விழுந்தது, எவ்வளவு நேரம் கொதித்தது என்பவற்றை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை நான் ஆரம்பித்திருக்கிறேன். என் தெருவில் கேட்டு முடிந்தது, ராஹாங்கில் உள்ளவர்களை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.