காவலர்களை வெளியே அனுப்பிய சிறை

சிறைச்சாலை என்றால் துப்பாக்கி ஏந்திய காவலர் இருக்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். ஆனால் முதல் உலகப் போர் நடந்தபோது, அமெரிக்கக் கடற்படையின் சிறை ஒன்றில் கைதிகளே கைதிகளுக்குக் காவல் இருந்தார்கள். அதுதான் போர்ட்ஸ்மத் கடற்படைச் சிறை.

மெய்ன் மாநிலத்தில் கிட்டரி என்ற ஊரை ஒட்டி, பிஸ்காட்டாக்வா ஆற்றில் சீவீ என்றொரு தீவு. கடற்படையின் கப்பல் கட்டும் தளம் அங்கே இருக்கிறது. 1898-ல் ஸ்பெயினுடன் நடந்த போரில் பிடிபட்ட சுமார் 1,600 பேரை அந்தத் தீவில்தான் அடைத்து வைத்தார்கள். பிறகு 1908-ல் அங்கே நிரந்தரச் சிறை ஒன்று திறக்கப்பட்டது. கோபுரங்களோடு நின்ற அந்தக் கான்கிரீட் கட்டடத்துக்குக் 'கோட்டை' என்றே பெயர்.

உள்ளே இருந்தவர்கள் கடற்படை ராணுவ நீதிமன்றங்கள் தண்டித்த மாலுமிகளும் மரைன் வீரர்களும். கப்பலை விட்டு ஓடியவர்கள், மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாதவர்கள், திருடியவர்கள் என்று பலர். காவல் பொறுப்பு மரைன் படையிடம் இருந்தது. அதாவது, மரைன் கைதிக்கும் மரைன் வீரர்தான் காவல்!

1917-ல் கடற்படைச் செயலர் ஜோசபஸ் டேனியல்ஸ், தாமஸ் மாட் ஆஸ்போர்னை இங்கே தலைமை அதிகாரியாக்கினார். யார் இவர்? நியூயார்க்கின் ஆபர்ன் நகர முன்னாள் மேயர். சிறை வாழ்க்கையை அறிய 1913-ல் ஆபர்ன் சிறையில் ஒரு வாரம் கைதியாகவே இருந்தவர். பிறகு புகழ்பெற்ற சிங் சிங் சிறைக்கும் தலைவராக இருந்தார்.

ஆஸ்போர்ன் செய்த முக்கியமான மாற்றம், மரைன் காவலர்களை உள்ளிருந்து விலக்கியது. கைதிகள் தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒழுங்கை அவர்களே காத்தார்கள். போரினால் கைதிகள் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியபோதும் இந்த முறை தொடர்ந்தது. கெட்டுப்போனவரைத் தூக்கி எறியாமல், திருத்தி மீண்டும் கப்பலுக்கு அனுப்ப வேண்டும் என்பதே அவரது நோக்கம். அப்படி ஆயிரக்கணக்கானோர் பணிக்குத் திரும்பினார்கள்.

அங்கேதான் சிக்கலும் வந்தது. தண்டனை பெற்றவர்களோடு நல்ல மாலுமிகள் ஏன் பணிபுரிய வேண்டும் என்று கடற்படை அதிகாரிகள் சிலர் எதிர்த்தார்கள். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. நடுக்கடலில் பக்கத்தில் நிற்பவனை நம்பித்தானே உயிர் இருக்கிறது!

1920-ல் ஆஸ்போர்ன் விலகினார். மரைன் காவலர்கள் திரும்பி வந்தார்கள். 1974-ல் சிறை மூடப்பட்டது. கடுமைக்குப் பெயர்போன 'கிழக்கின் அல்கட்ராஸ்' என்றுதான் பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே சுவர்களுக்குள் மூன்று ஆண்டுகள் கைதிகளை நம்பியே ஒரு நிர்வாகம் நடந்தது என்பதையும் சேர்த்து நினைவில் வைப்பதுதான் நியாயம்.