பிணம் ஒன்று 10 பவுண்டு

1827 நவம்பரில், எடின்பரோ நகரில் வில்லியம் ஹேர் நடத்திய மலிவு விடுதியில் ஒரு முதியவர் நோயில் இறந்தார். வாடகை பாக்கி 4 பவுண்டு. கடனை யாரிடம் வசூலிப்பது? ஹேரும் கூட்டாளி வில்லியம் பர்க்கும் சவப்பெட்டியைத் திறந்து உடலை எடுத்துவிட்டு, தோல் பதனிடும் மரப்பட்டையை நிரப்பி மூடினார்கள். பட்டைக்கு முறைப்படி அடக்கம் நடந்தது. உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறு பள்ளி 7 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டது.

ஜான் லாண்டிஸ் 2010இல் எடுத்த 'பர்க் அண்ட் ஹேர்' படம் இந்தக் கதையைத்தான் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது. ஒரு நடிகையின் நாடகத்துக்குப் பணம் திரட்டவே சைமன் பெக் நடிக்கும் பர்க் கொலைக்கு இறங்குகிறானாம்! உண்மையான பர்க்குக்கு அப்படியொரு காதல் சாக்கு கிடையாது.

சாக்கு வேண்டுமென்றால் சட்டத்தில் இருந்தது. 1752ஆம் ஆண்டுச் சட்டம் தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளின் உடல்களை அறுத்துப் பார்க்க வழிசெய்தது. தூக்குகளோ கொஞ்சம், நாக்ஸின் வகுப்பிலோ 400க்கும் மேற்பட்ட மாணவர்கள். பற்றாக்குறையைக் கல்லறைத் திருடர்கள் தீர்த்துவைத்தார்கள். வசதியுள்ளவர்கள் கல்லறைக்கு மேல் இரும்புக் கூண்டு போட்டார்கள்; கிரேஃப்ரையர்ஸ் இடுகாட்டில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம்.

பர்க்கும் ஹேரும் மண்வெட்டியைத் தொட்டதே இல்லை. சாராயம் ஊற்றிக்கொடுத்து, வாயையும் மூக்கையும் பொத்தி, மார்பில் ஏறி அமுக்கினால் உடலில் காயமே தெரியாது. ஓர் ஆண்டுக்குள் 16 கொலைகள். குளிர்காலத்தில் உடலுக்கு 10 பவுண்டு. சீக்கிரம் அழுகும் கோடையில் 8. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஜேமி என்ற இளைஞனின் உடல் மேசைக்கு வந்தபோது மாணவர்கள் சிலர் அடையாளம் கண்டார்கள் என்றும், நாக்ஸ் மறுத்துவிட்டார் என்றும் பேச்சு இருந்தது.

1828 ஹாலோவீன் இரவில் கொல்லப்பட்ட பெண்ணின் உடலை வைக்கோலுக்குள் பார்த்துவிட்டது, பர்க்கின் வீட்டில் தங்கியிருந்த ஒரு தம்பதி. வாயை மூடிக்கொண்டால் வாரம் 10 பவுண்டு என்று பேரம் பேசினாள் பர்க்கின் துணைவி. ஒரு பிணத்தின் விலை! அந்த ஏழைகள் நேராகப் போலீசுக்குப் போனார்கள்.

ஹேர் அப்ரூவராகித் தப்பினான். நாக்ஸ் மீது வழக்கே இல்லை. 1829 ஜனவரி 28 அன்று பர்க்கைத் தூக்கிலிட்டு, சட்டப்படி அவன் உடலையும் அறுத்தார்கள். எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழக உடற்கூறு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1832இல் வந்த உடற்கூறு சட்டம், உரிமை கோர ஆளில்லாத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் தர அனுமதித்தது. பிணச் சந்தை படுத்தது. அதன்பின் அறுவை மேசைக்குப் பெரும்பாலும் வந்தவை, ஏழை விடுதிகளில் இறந்தவர்களின் உடல்கள்.