திறந்திருந்த ஜன்னல்

1914 ஜூலை 31. பாரிஸில் புழுக்கமான வெள்ளிக்கிழமை இரவு. மோன்மார்த்ரு தெருவின் க்ருவாசான் உணவகத்தில், திறந்திருந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார் சோஷலிஸ்ட் தலைவர் ழான் ஜோரெஸ். 1904-இல் அவர் தொடங்கிய 'லுமானிதே' நாளிதழின் அலுவலகம் பக்கத்தில்தான். மணி 9.40. ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு ஒரு கை நீண்டது. இரண்டு குண்டுகள், ஒன்று தலையில் பாய்ந்தது.

சுட்டவன் ரவுல் வில்லேன், வயது 28. (ஆங்கில எழுத்தில் பார்த்தால் நம் சினிமா 'வில்லன்'தான்!) இந்தத் தொடரில் இதுவரை கூலிக்குக் கொன்றவர்களையும் கட்டளைக்குக் கொன்றவர்களையும் பார்த்தோம். இவன் இரண்டு வகையிலும் சேராதவன். தன்னந்தனியாகத்தான் செய்தேன் என்றான்.

அவன் கையில் துப்பாக்கியை யாரும் கொடுக்கவில்லை. காரணத்தை மட்டும் தினமும் காலையில் காசு கொடுத்து வாங்கலாம். கட்டாய ராணுவ சேவையை மூன்று ஆண்டுகளாக்கிய 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஜோரெஸ் எதிர்த்ததிலிருந்தே தேசியவாதப் பத்திரிகைகள் அவரை 'ஹெர் ஜோரெஸ்' என்று ஜெர்மன்காரராக்கிக் கேலி செய்தன. 1914 ஜூலை 17-இல் பத்திரிகையாளர் மொரிஸ் தெ வாலெஃப் ஒரு கேள்வி எழுப்பினார்: போருக்கு முந்தைய நாள் ஜோரெஸைச் சுவரோரம் நிறுத்திச் சுடச் சொல்லும் தளபதி, தன் கடமையைத்தானே செய்தவர் ஆவார்? ஆறு நாள் கழித்து, 'அக்சியோன் ஃப்ரான்சேஸ்' என்ற தேசியவாத இயக்கத்தின் இதழில் லெயோன் தோதே இன்னும் சாமர்த்தியமாக எழுதினார். அரசியல் கொலைக்கு யாரையும் தூண்ட எங்களுக்கு விருப்பமில்லை, ஆனால் ஜோரெஸ் நடுங்கட்டும் என்றார். முதல் பாதி நீதிமன்றத்துக்கு, மறுபாதி வாசகனுக்கு.

அடுத்த எட்டாம் நாள்தான் அந்த ஜன்னல். தோதேயின் இயக்கத்தில் வில்லேன் உறுப்பினன்கூட இல்லை. உறுப்பினர் அட்டை எதற்கு? பத்திரிகைதான் கடைக்குக் கடை தொங்குகிறதே.

முதல் உலகப் போர் முடியும்வரை விசாரணையின்றிச் சிறையில் இருந்தவனை 1919 மார்ச் 29-இல் ஜூரிகள் விடுதலை செய்தார்கள். பன்னிருவரில் பதினொருவர் அவன் பக்கம். வழக்குச் செலவு ஜோரெஸின் மனைவி தலையில் விழுந்தது. இரண்டே வாரங்களுக்கு முன்னால், பிரதமர் க்ளெமென்ஸோவைச் சுட்டுக் காயப்படுத்திய எமில் கோத்தேனுக்கு மரண தண்டனை விதித்திருந்தார்கள். பிறகுதான் அதைக் குறைத்தார்கள். க்ளெமென்ஸோ பிழைத்துக்கொண்டவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு நவம்பரில் தேர்தல் வந்தது. பாரிஸ் மக்கள் லெயோன் தோதேயைத் தேர்ந்தெடுத்து, ஜோரெஸ் முழங்கிய அதே அவைக்கு அனுப்பிவைத்தார்கள்.