குறுமரமும் நீர் வார்த்த கைகளும்

வட செபராங் பிறையின் கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் நீர் என்றவுடன் நெல்வயலும், கெடாவுக்கும் பினாங்கிற்கும் எல்லையாய் ஓடும் மூடா ஆறுமே எவர்க்கும் நினைவில் எழும். ஊர்ப் பெயரில் உள்ள 'பத்தாஸ்' என்னும் மலாய்ச் சொல்லும் எல்லையைக் குறிப்பது. வயல் வரப்புக்கும் அதுவே பெயர். வரப்புக்குள் நீரை நிறுத்தவும் வடிக்கவும் அறிந்த உழவர் வாழும் நிலத்தில், ஒரு சாண் தட்டில் நிற்கும் மரத்திற்கு நீர் வார்ப்பதும் ஒரு கலையோ என வினவத் தோன்றும். கலைதான், அதற்கு நெடிய வரலாறும் உண்டு.

'போன்சாய்' என்னும் சப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்பதே பொருள். எனினும் கலையின் தாயகம் சீனம். தாங் மரபின் இளவரசர் சாங்குவாய் 706ஆம் ஆண்டில் மறுஅடக்கம் செய்யப்பெற்ற கல்லறையின் சுவரோவியத்தில், சிறு செடிகளும் கற்களும் அமைந்த தட்டினை ஏந்தி வரும் பணியாளரைக் காண்கிறோம். இளவரசரின் பெயரை ஏடுகள் அறியும். தட்டை ஏந்தியவரின் பெயரை எவரும் அறியார். குறுமர வரலாறு நெடுகிலும் இந்நிலையே பெரும்பாலும் காணப்படுகிறது. மரத்தின் வயதைச் சொல்வோர், அவ்வயது முழுவதும் விடாது நீர் வார்த்தவர் யாவர் எனச் சொல்வதில்லை.

விடாது வார்த்தல் என்பது வெறும் சொல்லன்று. காட்டு மரம் நீர் தேடி வேரை ஆழ ஓட்டும். தட்டு மரத்திற்கு ஓட இடமில்லை. சிறிதளவு மண்ணில் உள்ள ஈரம் கடும் வெயிலில் ஒரே பகலில் வற்றிவிடும். அதே தட்டில் இதற்கு நேர்மாறான இடரும் உண்டு. எந்தத் தொட்டியிலும் நீர் வடிந்த பின்னர் அடியில் ஒரு படலம் மண் சொதசொதவென்று நின்றுவிடும். அப்படலத்தின் உயரம் மண்துகளின் பருமனைப் பொறுத்ததேயன்றித் தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததன்று. ஆதலின் ஆழமான தொட்டியில் அது சிறு பங்கு. ஆழமற்ற தட்டிலோ பெரும் பங்கு. அங்கே காற்றின்றி வேர் அழுகும். வறட்சியால் மடிவதும் வெள்ளத்தால் மடிவதும் ஒரு சாண் தட்டில் அருகருகே நிற்கின்றன! பொடிமண்ணை நீக்கிப் பரு மணல் கலப்பதும், அடியில் துளையிடுவதும் இதற்காகவே.

எனவேதான் நீர் வார்க்கக் கற்க மூன்றாண்டு ஆகும் என்பது சப்பானியத் தோட்டக்காரர் வழக்கு. நாளுக்கு இத்தனை முறை என்னும் கணக்கு அங்கே செல்லாது. மேல்மண் வெளுக்கத் தொடங்குகிறதா என விரலால் தொட்டுப் பார்த்து, பூவாளியால் மெல்லப் பொழிந்து, அடித்துளை வழியே நீர் வெளிவரும் வரை ஊற்றுவதே முறை. மேலாகத் தெளித்துவிட்டுப் போவதே பெரும்பிழை. மேற்புறம் நனைந்திருக்க உள்வேர் காய்ந்துகிடக்கும்.

1923ஆம் ஆண்டு நிலநடுக்கம் தோக்கியோவை அழித்தபின், அந்நகரக் குறுமரத் தோட்டக்காரர் சிலர் நல்ல நீரும் மண்ணும் தேடிப் புறப்பட்டு, 1925இல் ஓமியாவில் தனிச் சிற்றூரே அமைத்தனர். குடியேறுவோர் பத்துக் குறுமரமேனும் வைத்திருத்தல் வேண்டும் என்பது அவ்வூர் விதிகளுள் ஒன்று. பின்னர் வந்த போர் அவ்வூரையும் விட்டுவைக்கவில்லை. பேணுவார் இன்றி மரங்கள் பல பட்டுப்போயின.

அப்போரில் தப்பிய மரம் ஒன்றும் உண்டு. இரோசிமாவில் யமாக்கி குடும்பத்தார் தலைமுறைகளாகப் பேணிய வெள்ளை ஊசியிலை மரம், 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில், மதிலின் மறைவில் நின்றது. 1976இல் சப்பான் அமெரிக்காவுக்கு அளித்த 53 குறுமரங்களுள் அதுவும் ஒன்றாய் வாஷிங்டன் சென்றது. அதன் கதையை அங்குள்ளோர் அறிந்தது, 2001இல் அக்குடும்பத்துப் பேரர் இருவர் அதனைக் காணச் சென்றபோதுதான். இடைப்பட்ட கால் நூற்றாண்டும் அங்குள்ள பணியாளர் அதனை ஏனைய மரங்களைப் போலவே எண்ணி நீர் வார்த்துக் காத்தனர். எனக்கு இச்செய்தி குண்டுக்குத் தப்பியதினும் வியப்பாய்த் தோன்றுகிறது.

நம் நாட்டிற்கு வருவோம். இங்குக் குறுமரம் வளர்ப்போர் பெரிதும் விரும்புவது, மலாயர் 'அந்திங் புத்திரி' என்றும் சீனர் 'நீர்ப் பிளம்' என்றும் வழங்கும் மரம். வெண்ணிறச் சிறுமலர்கள் காதணிபோல் தொங்கும். இதன் பேரினத்தைச் சேர்ந்ததே தமிழகத்து வெட்பாலை. பாலைத் திணைக்குப் பெயர் தந்தது அம்மரமே எனக் கருதும் அறிஞரும் உளர். வறண்ட நிலத்தின் பெயரோடு பிணைந்த மரத்திற்கு, நீரையே பெயரில் தாங்கிய உறவு ஒன்று இங்கே வாய்த்தது மாணவர் எண்ணி மகிழத்தக்கது.

பெயருக்கேற்ப இது நீரை விரும்பும் மரம். வாடினால் இலை கொட்டும். பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிந்தாலும், சனவரி, பிப்ரவரித் திங்கள்களில் வறட்சி வரும். அந்நாள்களில் காலை, மாலை இருவேளையும் மண்ணைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். அடைமழைக் காலத்தில் தட்டின் ஒரு பக்கத்தின் கீழ்ச் சிறு கட்டை வைத்துச் சாய்த்துவிட்டால், அடியில் தேங்கிய நீர் துளை வழியே வடிந்துவிடும்.